அனா திஜூவின் ‘ஷாக்’ பாட்டில் யார் மேல் இவ்வளவு கோபம்?

மாலைமேகம்:
‘பிரேக்கிங் பேட்’ டிவி தொடரில் ‘1977’ பாட்டைக் கேட்டுத்தான் சிலி நாட்டு ராப் பாடகி அனா திஜூவைத் தெரியும். இப்போது ‘ஷாக்’ பாட்டை விடாமல் கேட்கிறேன். எனக்கு ஸ்பானிஷ் சுத்தமாகத் தெரியாது. மொழிபெயர்ப்புக் கருவியில் போட்டால் விஷம், அரசியலமைப்பு, பினோசே என்று வருகிறது. வீடியோவில் பார்த்தால் பள்ளிக்கூடப் பிள்ளைகள். சிலியின் சர்வாதிகாரி பினோசே 1990இலேயே பதவியை விட்டுப் போனவர். 2011 பாட்டில் அவரை ஏன் திட்ட வேண்டும்?

தெற்குக்காற்று:
ஆள்தான் போனார், அவர் போட்ட சட்டமெல்லாம் அப்படியே இருந்தது. கோபமே அதில்தான்.

1973 செப்டம்பர் 11 அன்று சிலியில் பினோசே தலைமையில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. எதிர்த்தவர்களைச் சிறையில் தள்ளியது, கொன்றது. ஜனங்கள் வாயைத் திறக்கப் பயந்திருந்த அந்த நேரத்தில், சிகாகோவில் படித்துவிட்டு வந்த பொருளாதார நிபுணர்கள் அரசுச் சொத்துகளை விற்க வழிகாட்டினார்கள். 1981இல் ஓய்வூதியமும் தனியார் கைக்குப் போனது. அதிர்ச்சியில் இருக்கிற மக்கள் தலையில் இப்படிக் கட்டுவதைத்தான் கனடா எழுத்தாளர் நவோமி கிளைன் ‘ஷாக் டாக்ட்ரின்’ புத்தகத்தில் எழுதினார். பாட்டின் தலைப்பு அங்கிருந்து வந்தது.

அப்புறம் பள்ளிப் பிள்ளைகள். பினோசே கல்விச் சட்டம் ஒன்றை 1990 மார்ச் 10 அன்று வெளியிட்டார். மறுநாள் பதவியை விட்டு இறங்கினார்! போகிற போக்கில் செய்த வேலை. கல்வியை வியாபாரமாக நடத்த அது வசதி செய்து கொடுத்தது. 2006இல் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்த பிறகு வேறு சட்டம் வந்தது, ஆனால் கட்டணமும் வங்கிக் கடனும் குறையவில்லை. 2011இல் திரும்பவும் கிளம்பினார்கள். பள்ளிகளைப் பிடித்து உள்ளேயே தங்கினார்கள். நாற்காலிகளை வாசல் கேட் கம்பிகளில் சொருகி, கால்கள் தெருப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும். அப்படிப் பிடித்து வைத்திருந்த பள்ளிகளுக்குள் போய் எடுத்ததுதான் அந்த வீடியோ. நடிகர்கள் இல்லை.

கடைசிமேசை:
பாட்டு பரவாயில்லை ரகம். கோஷம் கொஞ்சம் தூக்கல். ராப் என்று பார்த்தால் ‘1977’தான் நல்ல பாட்டு.

தெற்குக்காற்று:
ராப் திறமைக்கு ‘1977’ என்றால் சரி. ஆனால் கூட்டம் சேர்ந்து பாடுவதற்கு எழுதிய பாட்டில் கோஷம் இல்லாமல் எப்படி?

மாலைமேகம்:
அருமை, நன்றி. இவர் பிரான்ஸில் பிறந்தவர் என்று படித்தேனே?

தெற்குக்காற்று:
ஆமாம், 1977இல் லீல் நகரத்தில். பினோசே ஆட்சியிலிருந்து தப்பிப் போன பெற்றோருக்குப் பிறந்தவர். பினோசே ஆட்சி முடிந்த பிறகுதான் சிலியில் குடியேறினார். ‘1977’ பாட்டின் தலைப்பு பிறந்த வருஷம். ‘ஷாக்’ கேட்டாகிவிட்டது என்றால் 2019இல் வந்த ‘கசெரோலாசோ’ கேளுங்கள். தலைநகர் சாந்தியாகோவில் மெட்ரோ கட்டணத்தை 30 பெசோ ஏற்றியதில் ஊரே கொதித்தபோது வந்தது. பாத்திரத்தைக் கரண்டியால் தட்டும் போராட்டம் அது. அந்தச் சத்தம்தான் பாட்டுக்கே பெயர்.

கடைசிமேசை:
ஒரு தகவல் சேர்க்கிறேன். 2011 மாணவர் தலைவி கமிலா வாயெஹோ 2022இல் அமைச்சரே ஆனார். ஆனால் அரசியலமைப்பை மாற்ற 2022, 2023 என இரண்டு முறை வாக்கெடுப்பு வைத்தும் தோற்றது. 1980இல் பினோசே ஆட்சியில் எழுதியதுதான் பல திருத்தங்களோடு இன்னும் ஓடுகிறது.