‘டியூ டிலிஜென்ஸ்’: வெள்ளிக்குள் ஒரு தமிழ்ச்சொல் வேண்டும்

போர்ட் லூயிஸ் (மொரிஷியஸ்), முதுநிலைச் சட்ட மாணவி:
அனைவருக்கும் வணக்கம். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகளுக்கான சட்டக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘டியூ டிலிஜென்ஸ்’, அதாவது தீங்கு நேராதபடி உரிய கவனத்தோடு ஆராய்ந்து செயல்படுதல், என்ற இடத்தில் நின்றுவிட்டேன். அமெரிக்க உள்நாட்டுப் போரில் நடுநிலை நாடான பிரிட்டன், தென்மாநிலங்களின் அலபாமா போன்ற போர்க்கப்பல்கள் தன் மண்ணிலிருந்து புறப்படுவதைத் தடுக்கத் தவறியதற்காக 1872இல் ஜெனீவா நடுவர் மன்றம் 1.55 கோடி டாலர் இழப்பீடு விதித்தது. அங்கே அது அரசின் கடமை. நிறுவனத்தை வாங்குமுன் கணக்கைத் துருவுவதற்கும் அதே சொல். 2011இல் ஐ.நா. மனித உரிமை மன்றம் ஏற்ற, வணிகமும் மனித உரிமையும் பற்றிய வழிகாட்டு நெறிகளிலும் அதே சொல். ‘உரிய விடாமுயற்சி’ என்று ஓரிடத்தில் பார்த்தேன், மனம் ஒப்பவில்லை.

ரோஸ் ஹில், ஓய்வுபெற்ற தமிழாசிரியர்:
ஒப்பாமல் போனது சரிதான், மகளே. தோற்றும் மீண்டும் முயல்வதே விடாமுயற்சி. குறளில் 54ஆம் அதிகாரத்தைப் பார்: பொச்சாவாமை. பொச்சாப்பு என்பது மறதி, அதிலும் களிப்பில் மயங்கி வரும் மறதி. இலாபம் பெருகும்போது தொழிலாளியை மறப்பதற்கு இதைவிடப் பொருந்தும் சொல் ஏது?

கியூர்பிப், வங்கி ஊழியர்:
ஐயா, வீட்டில் கிரியோல் பேசி, தமிழை எழுத்துக் கூட்டிப் படிக்கும் பிள்ளைகள் அவர்கள். பொச்சாவாமைக்கு இன்னொரு அகராதி வேண்டும். ‘முன்னாய்வு’ போதும்.

சென் தெனி, ரீயூனியன்:
முன்னாய்வு ஒப்பந்தக் கையெழுத்தோடு முடிந்துவிடும். 2013இல் வங்கதேசத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இயங்கிய ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அதன்பின் 2017 மார்ச்சில் பிரான்ஸ் இயற்றிய சட்டம், பெரிய நிறுவனங்கள் தீங்கு தடுக்கும் திட்டம் வகுத்து, அதை நடைமுறைப்படுத்தி, வெளியிடவும் வேண்டும் என்கிறது. பிரெஞ்சில் அதன் பெயரே ‘விஜிலான்ஸ்’ கடமை. ‘உரிய விழிப்பு’ என்போம்.

ரோஸ் ஹில்:
விழிப்பு உறங்காமை மட்டுமே. காவலாளி விழித்திருக்கும்போதும் கூரை இடியும். ‘ஓம்பு’ என்பதை எண்ணிப் பாருங்கள்: பேணுவதும் ஓம்பல், தீங்கை அணுகவிடாமல் விலக்குவதும் ஓம்பல். விருந்தோம்பலை இந்தப் பிள்ளைகளும் அறிவார்கள். தேர்தல் என்றால் ஆராய்தல். இரண்டும் சேர்ந்தால் ‘தேர்ந்தோம்பல்’.

கியூர்பிப்:
வாக்குப்பதிவு என்றல்லவா நினைப்பார்கள், ஐயா!

போர்ட் லூயிஸ்:
தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து ஐவர் ‘உரிய விழிப்பு’ என்கிறார்கள். அதையே இடுகிறேன். நிறுவனம் வாங்கும் பகுதியில் மட்டும் ‘முன்னாய்வு’. மூன்றுக்கும் ஒரே சொல் கிடைக்காததில் எனக்கு வருத்தம்தான்.

ரோஸ் ஹில்:
அச்சிடு, மகளே. ஆனால் நான் உடன்படவில்லை. ‘ஓம்பல்’ இல்லாத சொல்லில் அந்தத் தொழிலாளி இல்லை.