குவார்ட்சைட்டில் முனை எடுக்க வரவில்லை, நடுமுதுகு குறையவே மாட்டேன் என்கிறது

கூர்விளிம்பு கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். 8 மாதமாக அம்பு முனை செதுக்கிப் பழகுகிறேன். பாட்டிலின் அடிக்கண்ணாடியில்தான் தொடங்கினேன். இப்போது கண்ணாடியில் இரண்டு ஓரத்திலிருந்தும் சில்லு ஓடிவந்து நடுவில் சந்திக்கிற அளவுக்குக் கை பழகிவிட்டது. அந்தத் தைரியத்தில் கல்லுக்கு வந்து மாட்டிக்கொண்டேன்.

கையில் இரண்டு வகைக் கல் இருக்கிறது. ஒன்று சாம்பல் நிறச் செர்ட், அதாவது சிக்கிமுக்கி வகைக் கல், உடைத்த முகம் பளபளப்பில்லாமல் மங்கலாக இருக்கும். இன்னொன்று உருண்டையான குவார்ட்சைட் கூழாங்கல், மணற்கல் இறுகி உருவான கெட்டிக் கல். இரண்டிலும் ஒரே கதை. ஓரத்தில் தட்டினால் சில்லு கொஞ்ச தூரம் போய் அப்படியே நின்றுவிடுகிறது. நின்ற இடத்தில் செங்குத்தாக ஒரு படி. அடுத்த சில்லும் அதே படியில் முட்டிக்கொண்டு நிற்கிறது. நேற்று 4 விரல் அகலத்தில் எடுத்த துண்டு ராத்திரிக்குள் 2 விரல் ஆகிவிட்டது, தடிமன் மட்டும் துளியும் குறையவில்லை. ஆமை முதுகு மாதிரி நடுவில் மேடு நிற்கிறது.

இன்னும் மெதுவாக, சின்னச் சின்னதாக எடுக்க வேண்டுமா? இல்லை, இந்தக் கல்லே இதற்கு ஆகாதா?

கல்வாட்டம் எழுதியது:

தம்பி, மெதுவாக எடுப்பதால்தான் படி விழுகிறது. நானும் முதல் 2 வருஷம் இதே தப்பைச் செய்து, ஒரு சாக்கு நிறைய ஆமை முதுகு சேர்த்தேன். அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் கீழே விழுந்த சில்லுகளைப் பொறுக்கிப் பாருங்கள். துண்டைப் பார்ப்பதைவிடச் சில்லைப் பார்ப்பதுதான் பாடம். அடிபட்ட இடம் சில்லின் நுனியில் முழுசாக ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறதா, பொடிந்து காணாமல் போயிருக்கிறதா? பொடிந்திருந்தால் உங்கள் அடியின் பலமெல்லாம் ஓரத்தை நொறுக்குவதிலேயே செலவாகிவிட்டது என்று அர்த்தம். மிச்சம் இருந்த பலம் பாதி வழியில் தீர்ந்துபோனது. படி அங்கேதான் விழும்.

கண்ணாடிக்கு ஓரத்தை லேசாகத் தேய்த்தாலே போதும். இந்த மாதிரி பிடிவாதக் கல்லுக்கு அது பத்தாது. சொரசொரப்பான ஒரு கல்லை எடுத்து, ஓரத்தின் நீளவாக்கில் அழுத்தித் தேயுங்கள். எவ்வளவு என்றால், நகத்தை ஓரத்தில் வைத்து இழுத்தால் நகம் சீவப்படக் கூடாது, மழமழவென்று வழுக்கிப் போக வேண்டும். கூராக்க வந்தவன் மழுக்குகிறேனே என்று மனசு அடித்துக்கொள்ளும். பொறுத்துக்கொள்ளுங்கள். மழுங்கிய ஓரம்தான் பலமான அடியைத் தாங்கும்.

அடுத்தது, அந்த ஓரம் எந்த உயரத்தில் இருக்கிறது என்பது. சில்லு உரிந்து வருவது அடிமுகத்திலிருந்து. ஆகவே ஓரம் தடிமனின் சரிபாதிக்கோட்டில் இருக்கக் கூடாது, அதற்குக் கீழே, அடிமுகத்தை ஒட்டி இருக்க வேண்டும். அதற்காகவே முதலில் சின்னச் சில்லுகளை எடுத்து ஓரத்தைக் கீழே இறக்கிக்கொள்வோம், பிறகு தேய்ப்போம், பிறகுதான் அடி. ஓரத்தின் கோணம் 90 பாகைக்கு உள்ளே இல்லாவிட்டால் எவ்வளவு அடித்தாலும் வராது. 10 நிமிஷம் ஓரத்தைத் தயார் செய்து ஒரே ஒரு அடி அடிப்பது எனக்கு வழக்கம். அந்த ஒரு அடி தயங்காமல் விழ வேண்டும். துண்டைத் தொடைமேல் தடித்த தோல் விரித்து வையுங்கள், சில்லு ஓடப்போகிற அடிப்பக்கத்தில் விரல்களை ஒட்டி அணைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் அதிர்ச்சியில் துண்டு நடுவில் இரண்டாகிவிடும்.

ஏற்கெனவே விழுந்த படிகளை அதே திசையிலிருந்து அடித்துத் தீர்க்க முடியாது. எதிர் ஓரத்திலிருந்து, படிக்கு அடியில் புகுந்து வருகிற மாதிரி ஒரு நீளச் சில்லு எடுக்க வேண்டும்.

குவார்ட்சைட் ஆகாத கல் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கற்காலக் கைக்கோடரிகள் குவார்ட்சைட்தான், 10 லட்சம் ஆண்டுக்கும் மேல் பழையவை. அவற்றில் பல, பாறைத் துண்டிலிருந்து முதலில் ஒரு பெரிய சில்லை உடைத்தெடுத்து, அந்தச் சில்லைத் திருத்திச் செய்தவை. நீங்கள் முழுக் கூழாங்கல்லையே மெலிய வைக்கப் பார்க்கிறீர்கள், சிரமமே அங்கேதான். கனமான கல்லால் அடித்து மெல்லிய பெரிய சில்லாக ஒன்று எடுங்கள். பாதி மெலிவு அதிலேயே முடிந்துவிடும். அதற்கு முன்னால் கூழாங்கல்லைத் தட்டிக் கேளுங்கள். கணீர் என்றால் எடுங்கள், தொப்பென்றால் உள்ளே விரிசல், போட்டுவிடுங்கள். குவார்ட்சைட்டில், அடிக்காமல் செம்பு முனையால் ஓரத்தை அழுத்திச் செதுக்குவதை நம்பாதீர்கள், முனை வழுக்கிக்கொண்டே போகும். பெரும்பாலும் அடித்தே முடிக்க வேண்டிய கல் அது.

செங்காவி எழுதியது:

அண்ணன் சொன்னது குவார்ட்சைட்டுக்கு. அந்தச் சாம்பல் செர்ட்டுக்கு இன்னொரு வழி உண்டு, சூடு. தென்னாப்பிரிக்காவின் புளோம்போஸ் குகையில் சுமார் 75,000 ஆண்டுக்கு முன்பே சில்கிரீட் என்கிற, சிலிக்காவால் இறுகிய கல்லைச் சுட்டு, பிறகு அழுத்திச் செதுக்கியிருக்கிறார்கள்.

முழுக் கட்டியைச் சுடாதீர்கள், முதலில் தட்டையாக்கிக்கொள்ளுங்கள். மணலில் புதைத்து, 100 பாகை செல்சியஸ் பக்கத்தில் ஒரு நாள் வைத்து ஈரத்தை விரட்டிய பிறகே சூட்டை ஏற்றுங்கள். ஈரம் இருந்தால் கல் வெடிக்கும். பிறகு மணிக்கு 25, 30 பாகையாக ஏற்றலாம். பல செர்ட்டுகள் 200 முதல் 350 பாகைக்குள் செதுக்க இணங்கிவிடும். ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு, அதனால் ஒரு சில்லைச் சுட்டுப் பார்த்துவிட்டு மற்றதை வையுங்கள். தானாக ஆறுகிறவரை மணலைத் திறக்கவே கூடாது, நான் அவசரப்பட்டுத் திறந்து 6 துண்டு விரிசல் விட்டது. வெளியே பார்த்தால் மினுக்கம் தெரியாது. புதிதாக ஒரு சில்லு எடுத்தால் அந்த முகம் மெழுகு பூசினது போல மினுங்கும். ஒரு விஷயம், சுட்ட கல் சுலபமாக வரும், அதே அளவுக்குச் சுலபமாக உடையும்.

மெதுமூச்சு எழுதியது:

ஓரத்தை அழுத்தித் தேயுங்கள் என்று மேலே படித்ததும் இதை எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றியது. தேய்க்கும்போது வருவது சிலிக்காத் தூசி. நுரையீரலுக்குள் போனால் திரும்பி வராது. இங்கிலாந்தின் பிராண்டனில் துப்பாக்கிச் சிக்கிமுக்கிக் கல் செதுக்கினவர்களில் பலர், இந்தத் தூசியால் வருகிற சிலிக்கோசிஸ் என்கிற நுரையீரல் நோயால்தான் இளம்வயதிலேயே போனார்கள். வீட்டுக்குள் செய்யாதீர்கள். காற்று முதுகுப் பக்கமிருந்து வருகிற மாதிரி வெளியே உட்காருங்கள், தூசியை வடிக்கிற முகமூடி முகத்தோடு ஒட்டி இருக்கட்டும், துணி கட்டினால் போதாது. கண்ணாடி அணியாமல் ஒரு அடிகூட வேண்டாம்.

கூர்விளிம்பு எழுதியது:

3 வாரம் கழித்து வருகிறேன். என் பழைய சில்லுகளைப் பொறுக்கிப் பார்த்தேன் ஐயா, பத்துக்கு எட்டு நுனி பொடிந்தவை. ஓரத்தை நகம் வழுக்குகிறவரை தேய்த்து, இறக்கி, பழைய கைக்கு இரண்டு மடங்கு பலமாக ஒரு அடி. சில்லு முழு முகத்தையும் கடந்து போய் என் விரல்களுக்குள்ளேயே சூடாக விழுந்தது. ஆமை முதுகில் பாதி அதோடு வந்துவிட்டது. அதன் நுனியில் தேய்த்த இடம் அப்படியே வெள்ளையாக ஒட்டியிருக்கிறது.

குவார்ட்சைட்டில் மூன்றாவது கூழாங்கல்தான் கணீர் என்றது. அதிலிருந்து உள்ளங்கை அகலச் சில்லு ஒன்று வந்திருக்கிறது. செர்ட் இன்னும் மணலில் ஆறிக்கொண்டிருக்கிறது, நாளைக் காலைவரை தொட மாட்டேன். முகமூடி வாங்கிவிட்டேன்.

கல்வாட்டம் எழுதியது:

அந்த முதல் சில்லைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அடுத்த ஓரம் தயார் செய்யும்போது பக்கத்தில் வைத்துக்கொண்டு, அதன் நுனி எவ்வளவு தடிமன் என்று பார்த்து அதே அளவுக்குத் தேயுங்கள். குவார்ட்சைட் சில்லில் குமிழ், அதாவது அடிபட்ட இடத்தை ஒட்டிய புடைப்பு, இருக்கிற பக்கத்தை முதலில் தட்டிச் சமப்படுத்துங்கள், அங்கேதான் தடிமன் அதிகம்.