இருபது நிமிடமா, பதினோரு நிமிடமா? பெலிக்கனின் 'மார்ச் இன்டு த சீ'

நெய்தல்வாசி:
பாடகர் இல்லாத சிகாகோ மெட்டல் குழுவான பெலிக்கன் 2005இல் வெளியிட்ட 'மார்ச் இன்டு த சீ' இ.பி.யை (ஆல்பத்தைவிடச் சிறிய வெளியீட்டை) வெறும் துணைச்சரக்காக ஒதுக்குகிறவர்களோடு எனக்கு வழக்கு இருக்கிறது. அதில் இரண்டே தடங்கள். தலைப்புத் தடம் இருபது நிமிடங்களைத் தாண்டும். அதே ஆண்டு வந்த 'த ஃபயர் இன் அவர் த்ரோட்ஸ் வில் பெக்கன் த தா' ஆல்பத்தில் அதுவே 'மார்ச் டு த சீ' என்ற பெயரில் பதினோரு நிமிடச் சொச்சமாகச் சுருங்கிவிட்டது. நீண்ட வடிவம்தான் அசல் என்கிறேன். குரலே இல்லாத இசையில் ஒரு ரிஃப், அதாவது திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துண்டு, நம் உடம்புக்குள் இறங்க நேரம் வேண்டும். அந்த நேரத்தை இ.பி. தாராளமாகத் தருகிறது.

ஆறாம்கம்பி:
சுருக்கியதுதான் நல்லது. பெலிக்கனிடம் ரிஃபுக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. எங்கே நிறுத்துவது என்று தெரியாததுதான் குறை. பாடகர் இல்லாத குழுவில் கதையை நகர்த்தும் பொறுப்பு டிரம்ஸுக்கு வந்துவிடுகிறது. அதை வாசிக்கும் லாரி ஹெர்வெக் ஒரே நடையில் அடித்துக்கொண்டே போகிறார், சில இடங்களில் தாளம் தளர்வதும் காதில் விழுகிறது. பதினோரு நிமிடம் பொறுத்துக்கொள்ளலாம். இருபது நிமிடம் என்றால், மன்னிக்கவும், எனக்குப் பொறுமை இல்லை.

இருள்மழை:
ஆறாம்கம்பி, டிரம்ஸ் பற்றிய இந்தக் குற்றச்சாட்டை இருபது ஆண்டுகளாகக் கேட்டுவருகிறோம். இந்த இ.பி.யை வைத்தே அதற்குப் பதில் சொல்லலாம். இரண்டாவது தடத்தை யார் செய்தார் என்று பாருங்கள். 2003இல் வந்த பெலிக்கனின் 'ஆஸ்திரேலேசியா' ஆல்பத்தின் 'ஏஞ்சல் டியர்ஸ்' தடத்தை ரீமிக்ஸ் செய்திருப்பவர் ஜஸ்டின் ப்ராட்ரிக். பர்மிங்காமின் காட்ஃபிளெஷ் குழுவில் டிரம்ஸ் கலைஞரின் இடத்தில் ஓர் இயந்திரத்தை வைத்து, 1989இல் 'ஸ்ட்ரீட்கிளீனர்' என்ற கொடூரமான அழகுள்ள ஆல்பத்தைத் தந்தவர். சலனமற்று திரும்பத் திரும்ப விழும் அடியே எத்தனை கனமாக இருக்க முடியும் என்பதை மெட்டலுக்குக் காட்டியவர் அவர். பெலிக்கன் அந்த வழியில் வந்த குழு. டிரம்ஸ் தரையாக நின்றால்தான் இரண்டு கிட்டார்களும் அதன்மேல் மெல்ல மெல்ல நிறம் மாற முடியும். ட்ரெவர் டி ப்ராவும் லாரன்ட் ஷ்ரோடர்-லெபெக்கும் ஒரே ரிஃபை வாசிக்கிறார்கள் என்று நினைக்கும்போதே ஒருவர் விலகிப் போயிருப்பார். அந்த விலகலைக் கேளுங்கள். அங்கே டிரம்ஸும் சாகசம் காட்டினால் அது நம் காதுக்கு எட்டாது.

காட்ஃபிளெஷ் 2002இல் கலைந்தபின் ப்ராட்ரிக் தொடங்கிய ஜேசு என்ற குழுவின் முதல் ஆல்பத்தையும், பெலிக்கனை வெளியிட்ட ஹைட்ரா ஹெட் நிறுவனமே வெளியிட்டது. முந்தைய தலைமுறைக்காரர் ஒருவர் இளையவர்களின் இசையைக் கையில் எடுத்துத் திருத்தி எழுதியிருக்கிறார். இதை இடம் நிரப்பிய ரீமிக்ஸ் என்று தயவுசெய்து சொல்லாதீர்கள்.

ஆறாம்கம்பி:
ரீமிக்ஸை நான் குறை சொல்லவில்லை, எனக்கும் பிடிக்கும். ஆனால் இயந்திரத்தின் பிடிவாதம் வேறு, மனிதக் கையின் தளர்வு வேறு. காட்ஃபிளெஷில் அடி ஒரு மயிரிழை பிசகாது, அச்சுறுத்தலே அந்தப் பிசகாமையில்தான் இருக்கிறது. லாரியின் வாசிப்புக்கு அந்த நியாயத்தைக் கடன் கொடுக்க முடியாது.

கல்தூண்:
இருவரும் ஆல்பத்தின் வரிசையை மறந்துவிட்டீர்கள். அங்கே 'மார்ச் டு த சீ' மூன்றாவது தடம். அடுத்து வருவது பெயரே இல்லாத சிறிய அக்கூஸ்டிக் கிட்டார் துண்டு. அத்தனை இரைச்சலுக்குப் பிறகு மூச்சுவிடும் இடம் அது. ஏழு தடங்கள் கொண்ட ஆல்பத்தின் நடுவில் இருபது நிமிடத்தை வைத்திருந்தால் பின்னால் வரும் 'ஆரோரா போரியாலிஸ்' வரை யார் போய்ச் சேருவார்கள்? ஆகவே இவை இரண்டும் வெவ்வேறு வேலைக்காகச் செய்யப்பட்டவை. இதில் அசல் எது என்ற கேள்வியே எனக்கு உவப்பில்லை.

நெய்தல்வாசி:
கல்தூண் சொல்லும் வரிசைக் கணக்கு சரிதான், ஆனால் அது என் பக்கத்துக்கே வலு சேர்க்கிறது. ஆல்பத்தில் ஓய்வைத் தர இன்னொரு தடம் தேவைப்படுகிறது. இ.பி.யில் ஏற்றமும் இறக்கமும் களைப்பும் ஒரே தடத்துக்குள் நடந்துமுடிய வேண்டும், வேறு துணை கிடையாது. நான்கு பேர், ஒரு சொல்கூட இல்லாமல், அந்தச் சுமையை முழுதாகத் தாங்குகிறார்கள். இதே குழு 2009இல் 'ஃபைனல் பிரெத்' தடத்துக்கு வெளிப் பாடகர் ஆலன் எப்லியைப் பாடவைத்தது. நல்ல தடம்தான். ஆனாலும் குரல் நுழைந்ததும் என் கவனம் கிட்டாரைவிட்டு அவர் பக்கம் போய்விட்டது. அந்த இழப்பு இந்த இ.பி.யில் எங்கும் இல்லை.

ஆறாம்கம்பி:
எனக்கு அது நேர்மாறு. 'ஃபைனல் பிரெத்'தைக் கேட்டபோதுதான் இவர்களுக்கு இத்தனை நாள் என்ன குறைந்தது என்று புரிந்தது. இருபது நிமிட வடிவத்தை இன்று இரவு மறுபடி கேட்கிறேன், இருள்மழை சொன்ன கிட்டார் விலகலுக்காக. டிரம்ஸ் பற்றிய என் கருத்து மாறாது.