வாக்குச்சீட்டின் பின்பக்கம்: கலிஃபோர்னிய முன்மொழிவுகளும் நாங்கள் சந்தித்த வாக்காளர்களும்

சான்டா கிளாரா கவுன்டி உறுப்பினர்:

2024 நவம்பர் 5 அன்று எங்கள் கவுன்டியின் ஒரு வாக்கு மையத்தில் தேர்தல் பணியாளராக இருந்தேன். அதிபர் தேர்தலைப் பற்றிய பரபரப்புதான் அங்கும் நிறைந்திருக்கும் என்று எண்ணியிருந்தேன். ஆனால் வந்தவர்களில் பெரும்பாலோர் அதிபருக்கு யார் என்பதை வீட்டிலேயே முடிவு செய்திருந்தார்கள். அவர்களைத் தயங்க வைத்தவை சீட்டின் பிற்பகுதியில் இருந்த முன்மொழிவுகள், அதாவது மக்களே நேரடியாக வாக்களித்து முடிவு செய்யும் சட்டங்களும் திட்டங்களும். மாநில அளவில் மட்டும் பத்து முன்மொழிவுகள் இருந்தன. பள்ளிக் கட்டடங்களுக்கான கடன் பத்திரம், குறைந்தபட்சக் கூலி, வாடகைக் கட்டுப்பாடு, சிறைக் கைதிகளின் கட்டாய உழைப்பு, திருட்டுக்கான தண்டனை என்று ஒன்றோடொன்று தொடர்பில்லாத விஷயங்களுக்கு ஒருவர் ஒரே மூச்சில் 'ஆம்' அல்லது 'இல்லை' சொல்ல வேண்டியிருந்தது.

வியட்நாமைச் சேர்ந்த வயதான அம்மையார் ஒருவர் குறைந்தபட்சக் கூலி பற்றிய முப்பத்திரண்டாம் முன்மொழிவின் மீது விரல் வைத்து, இதற்கு என்ன பொருள் என்று என்னிடம் கேட்டார். ஒரு முன்மொழிவை எங்கள் சொற்களில் விளக்கவோ, ஒரு பக்கமாகச் சாய்ந்து பேசவோ பணியாளர்களுக்கு அனுமதி இல்லை. அது சரியான விதிதான். வியட்நாமிய மொழியில் இருந்த வாக்காளர் கையேட்டை எடுத்துக் கொடுத்தேன். அவர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, வரிசை நகர்வதைப் பற்றிய கவலையே இல்லாமல், அந்தப் பகுதியை முழுவதும் வாசித்த பிறகே பேனாவைக் கையில் எடுத்தார். மக்கள் பொறுப்பில்லாமல் வாக்களிக்கிறார்கள் என்று எளிதாகச் சொல்பவர்கள் ஒரு நாளாவது அந்த மேசைக்குப் பின்னால் அமர்ந்து பார்க்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

மறுநாள் எங்கள் குடியிருப்பில் வசிக்கும், நான் அண்ணா என்று அழைக்கும் ஒருவரோடு பேசிக்கொண்டிருந்தபோது, ஆறாம் முன்மொழிவுக்கு 'இல்லை' என்று போட்டதாகச் சொன்னார். "புரியாத எதற்கும் நான் இல்லைதான் போடுவேன், அதுதான் பாதுகாப்பு" என்பது அவருடைய நெடுநாள் கொள்கை. சிறையில் இருப்பவர்களைத் தண்டனையாகக் கட்டாய வேலை வாங்க இடம் தரும் பிரிவை மாநில அரசியலமைப்பிலிருந்து நீக்குவதுதான் அந்த முன்மொழிவின் நோக்கம். கையேட்டில் அதை எதிர்த்து எவரும் வாதம் எழுதித் தரவில்லை. ஆதரவு வாதம் மட்டுமே அச்சாகியிருந்தது. அப்படியிருந்தும் 53 விழுக்காட்டுக்கும் மேற்பட்டோர் 'இல்லை' என்று வாக்களித்ததால் அது தோற்றது. இதைச் சொன்னபோது, எதிர்வாதமே இல்லாததுதான் தமக்குச் சந்தேகத்தைத் தந்தது என்றார் அண்ணா.

அவருடைய எச்சரிக்கை உணர்வை நான் மதிக்கிறேன். ஆனாலும் 'இல்லை' என்பது ஒதுங்கி நிற்பது ஆகாது. இப்போது நடைமுறையில் உள்ள ஏற்பாடு அப்படியே தொடரட்டும் என்று கையெழுத்திடுவதற்கு அது சமம். உண்மையாகவே ஒதுங்கி நிற்க விரும்புபவர்கள் அந்தக் கட்டத்தை வெறுமையாக விட்டுவிடலாம். சீட்டின் மற்ற வாக்குகள் செல்லும். இது பலருக்கும் தெரிந்திருக்கவில்லை என்பதை அன்று மையத்திலும் கண்டேன். மேலும், சட்டமன்றம் இயற்றிய சட்டம் ஒன்றை எதிர்த்துக் கையொப்பம் திரட்டி வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும்போது 'ஆம்' என்பதுதான் அந்தச் சட்டத்தைக் காப்பாற்றும் வாக்கு. 2022-இல் நறுமணமூட்டிய புகையிலைப் பொருள்களின் சில்லறை விற்பனைக்கான தடை இப்படித்தான் வாக்கெடுப்புக்கு வந்தது. தடை நீடிக்க வேண்டும் என்று நினைத்தவர் 'ஆம்' என்று போட வேண்டியிருந்தது. புரியாததற்கெல்லாம் 'இல்லை' என்ற பழக்கம் இங்கே சட்டத்தை விலக்குவதில் முடியும்.

திருட்டுக்கான தண்டனை பற்றிய முப்பத்தாறாம் முன்மொழிவில் இந்தத் தயக்கம் எதுவும் இல்லை. நான் வழக்கமாகச் செல்லும் மளிகைக் கடையின் உரிமையாளர் அதற்காகவே சீட்டு வந்த அன்றே நிரப்பி அஞ்சலில் சேர்த்துவிட்டதாகச் சொன்னார். 2014-இல் மக்களே வாக்களித்து நிறைவேற்றிய நாற்பத்தேழாம் முன்மொழிவு, 950 டாலருக்கு மேற்படாத திருட்டைப் பெரும்பாலும் சிறு குற்றமாக்கியிருந்தது. முன்பே இரண்டு முறை தண்டனை பெற்றவர் மீண்டும் திருடினால் அதைப் பெருங்குற்றமாக வழக்குத் தொடர முப்பத்தாறு வழி செய்தது. ஆளுநர் நியூசம் எதிர்த்தும், ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தார்கள். சிறைகளை மீண்டும் நிரப்புவதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனால் தம் கடையின் நிலைமையைத் தாமே எடைபோட்டு வாக்களித்த அந்த மனிதரின் முடிவை, அறியாமை என்று ஒதுக்க என்னால் முடியாது.

சாக்ரமெண்டோ உறுப்பினர்:

மேலே எழுதியவருக்கு நன்றி. நான் டயாலிசிஸ் செவிலியர். 2018, 2020, 2022 என்று மூன்று தேர்தல்களில் எங்கள் துறையைப் பற்றிய முன்மொழிவு வாக்குச்சீட்டில் வந்தது; மூன்றும் தோற்றன; ஒவ்வொரு முறையும் எதிர்ப்பு முன்பைவிடக் கூடியது. முதலாவது மையங்களின் வருவாய்க்கு வரம்பு கட்ட முயன்றது. அடுத்த இரண்டும், சிகிச்சை நடக்கும் நேரமெல்லாம் மருத்துவரோ, சில நிலைகளில் உயர்பயிற்சி பெற்ற செவிலியர் போன்றவரோ மையத்தில் இருக்க வேண்டும் என்றன. பின்னணியில் இருந்தது ஒரு தொழிற்சங்கத்துக்கும் டயாலிசிஸ் நிறுவனங்களுக்கும் இடையே நடந்த நீண்ட இழுபறி. 2018-இல் மட்டும் எதிர்ப்புப் பிரசாரத்துக்கு நிறுவனங்கள் 10 கோடி டாலருக்கு மேல் செலவிட்டன.

இதை நீங்கள் தொலைக்காட்சியில் விளம்பரமாகப் பார்த்திருப்பீர்கள். என் நோயாளிகளோ வாரம் மும்முறை, ஒவ்வொரு முறையும் மூன்று நான்கு மணி நேரம், இயந்திரத்தோடு இணைக்கப்பட்ட நிலையில் எதிரே இருந்த திரையில் அதைப் பார்த்தார்கள். இந்த முன்மொழிவு வென்றால் மையங்கள் மூடப்படும், நோயாளிகள் இறப்பார்கள் என்ற பொருளில் விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருந்தன. திராட்சைத் தோட்டங்களில் உழைத்து ஓய்ந்த பெரியவர் ஒருவர், இது நிறைவேறினால் அடுத்த மாதம் தமக்குச் சிகிச்சை கிடைக்குமா என்று என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தேர்தல் முடிந்த மறுநாளே எதுவும் மூடப்படாது, கையேட்டில் சட்டமன்றப் பகுப்பாய்வாளர் அலுவலகம் எழுதிய பக்கங்களை உங்கள் மகளை வாசித்துக் காட்டச் சொல்லுங்கள் என்றேன். எந்தப் பக்கம் வாக்களிக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எங்கள் பணியிடத்தில் ஆள்பற்றாக்குறை உண்மை. அதைச் சரிசெய்யும் இடம் சட்டமன்றக் குழுவின் விசாரணை என்றே நினைக்கிறேன். செவிலியர்கள், சிறுநீரக மருத்துவர்கள், நோயாளிகள் ஆகியோரை அமர வைத்துப் பல மாதங்கள் கேட்டறிய வேண்டிய ஒன்றை, முப்பது நொடி விளம்பரங்களுக்கு இடையே ஒரு கட்டத்தை நிரப்பித் தீர்க்கச் சொல்வது நோயாளிகளுக்குச் செய்யும் அநீதி. 1911-இல் ரயில்வே நிறுவனங்களின் பிடியிலிருந்து ஆட்சியை மீட்பதற்காக ஆளுநர் ஹைரம் ஜான்சன் காலத்தில் மக்களுக்குக் கிடைத்த, கையொப்பம் திரட்டி முன்மொழிவுகளை வாக்குச்சீட்டில் சேர்க்கும் இந்த உரிமை, இன்று கையொப்பம் திரட்டக் கூலி கொடுக்க முடிந்த அமைப்புகளின் கையில் இருப்பது எனக்கு வேதனை தருகிறது.

ஃப்ரீமான்ட் உறுப்பினர்:

அம்மா குடியுரிமை பெற்ற பின் 2024-இல் அஞ்சல் வாக்குச்சீட்டை நிரப்பினார்கள். ஆங்கிலம் வாசிப்பது சிரமம் என்பதால் என்னை உதவிக்கு அழைத்தார்கள். தமக்கு நம்பிக்கையான ஒருவரின் உதவியைப் பெற அத்தகைய வாக்காளருக்கு மத்தியச் சட்டம் உரிமை தருகிறது. மதுரையில் சின்னத்தைப் பார்த்துப் பொத்தானை அழுத்திப் பழகியவர்களுக்கு இத்தனை பக்கங்கள் புதிது. ஆனால் அம்மா சளைக்கவில்லை, ஒவ்வொன்றுக்கும் "இதைக் கொண்டு வந்தது யாரப்பா, பணம் போட்டது யார்?" என்று முதலில் கேட்டார்கள்.

அந்தக் கேள்விதான் முப்பத்துமூன்றையும் முப்பத்துநான்கையும் எனக்கே விளங்க வைத்தது. வாடகைக் கட்டுப்பாட்டை விரிவாக்க நகரங்களுக்கு இடம் தரும் முப்பத்துமூன்றுக்குப் பெருமளவு பணம் தந்தது எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருத்துவம் செய்யும் ஒரு லாப நோக்கற்ற அமைப்பு. மருந்து வருவாயைச் சில மருத்துவ அமைப்புகள் எப்படிச் செலவிட வேண்டும் என்று கட்டுப்படுத்தும் முப்பத்துநான்குக்குப் பணம் தந்தது வாடகைக் குடியிருப்பு உரிமையாளர்களின் சங்கம். அதன் இலக்கு அந்த மருத்துவ அமைப்புதான். முப்பத்துமூன்று தோற்றது, முப்பத்துநான்கு மயிரிழையில் வென்றது.

"இவர்கள் சண்டைக்கு நான் ஏன் தீர்ப்புச் சொல்ல வேண்டும்?" என்று முப்பத்துநான்கை அம்மா வெறுமையாக விட்டார்கள். முப்பத்துமூன்றுக்கு 'ஆம்' என்றார்கள், எங்கள் பக்கத்து வீட்டுக் குடும்பம் வாடகை ஏற்றத்தால் பிள்ளைகளின் பள்ளியை மாற்ற நேர்ந்ததை நினைத்து. என் வாக்கு 'இல்லை'. புதிய வீடுகள் கட்டப்படுவது குறையும் என்று அஞ்சினேன். உறையில் அம்மா தமிழில் கையொப்பமிட்டார்கள். பதிவின்போதும் அப்படியே இட்டிருந்ததால் சிக்கல் எதுவும் எழவில்லை. உள்ளூர்ப் பள்ளிக் கடன் பத்திரங்களைப் பற்றிப் பெற்றோருக்கு எடுத்துச் சொன்ன அனுபவம் உள்ளவர்கள் இங்கே எழுதினால், அடுத்த சீட்டு வரும் முன் அம்மாவோடு அமர்ந்து வாசிக்க எனக்கு உதவும்.