குளிர்காலத்திலும் சைக்கிள் ஓட்டுகிறவர்களே: எந்த வண்டி, எந்த டயர், வழியில் என்ன நடந்தது?

குளிர் தொடங்கியதும் சைக்கிளைத் துடைத்து மூலையில் சாத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். எனக்கு அதற்கு மனம் வருவதில்லை. நான் வேலைக்குப் போக ஓட்டுகிறவன் இல்லை, சந்தோஷத்துக்காக ஓட்டுகிறவன். இலை உதிர்ந்த பிறகு காட்டுப் பாதையில் கண் எவ்வளவு தூரம் போகிறது! பூச்சி இல்லை, கூட்டம் இல்லை, பனி விழுந்த மறுநாள் சத்தமே இல்லை. அதை ஏன் இழக்க வேண்டும்?

"குளிர்காலத்துக்கு எந்த சைக்கிள் நல்லது?" என்று புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் கேட்கிறார்கள். சைக்கிளைப் பார்க்கும் முன் தரையைப் பாருங்கள் என்பதுதான் என் பதில். வெளியே எத்தனை டிகிரி என்பதைவிட, சக்கரத்துக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பதுதான் முக்கியம். ஈரத் தார்ச்சாலை, உருகி மறுபடி உறைந்த ஐஸ், மிதிபட்டு இறுகிய பனி, உப்பு கலந்த சேறு, இவை ஒவ்வொன்றும் ஒவ்வொரு டயரைக் கேட்கும். டயர் முடிவானால் வண்டி பாதி முடிவான மாதிரி.

நண்பர் ஒருவருடன் போன ஒரு காலையைச் சொல்கிறேன். சாலை முழுக்க ஈரம் மட்டும்தான். காற்றின் வெப்பநிலை பூஜ்ஜியத்துக்குச் சற்று மேலேயே இருந்தது. ஓடையைத் தாண்டும் சின்னப் பாலம் வந்தது. முன்னால் போனவரின் முன்சக்கரம் ஒரு சத்தமும் இல்லாமல் பக்கவாட்டில் வழுக்கியது. பிரேக் பிடிக்கவில்லை, திருப்பவில்லை, நேராகத்தான் போனார். அடுத்த நொடி இடுப்பு தரையில் இருந்தது. நல்லவேளையாக எலும்புக்கு ஒன்றும் ஆகவில்லை. பாலத்தின் மேல் கண்ணாடி மாதிரி ஒரு ஐஸ் படலம். சாலைக்கு அடியில் இருக்கும் மண் பகலில் வாங்கிய சூட்டை இரவில் மெல்ல விட்டுக்கொண்டிருக்கும். பாலத்துக்கு மேலேயும் காற்று, கீழேயும் காற்று. இரவில் இரண்டு பக்கமும் குளிர்ந்து, சாலைக்கு முன்னாலேயே உறைந்துவிடுகிறது. விடிந்து காற்று சூடாகத் தொடங்கினாலும் அந்தப் படலம் உடனே கரைவதில்லை.

அவர் போட்டிருந்தது பெரிய பெரிய கட்டைகள் வைத்த மவுண்டன் பைக் டயர். பார்க்க முரட்டுத்தனமாக இருக்கும். சேற்றிலும் தளர்ந்த பனியிலும் அது பிடிக்கும். ஐஸில் ரப்பர் கட்டைக்குக் கடிக்க எதுவும் கிடைப்பதில்லை. நான் அதே படலத்தின் மேல் ஸ்டட் டயரில் உருண்டு போனேன். ரப்பருக்குள் சிறு சிறு உலோக ஆணிகள் பதித்த டயர் அது. ஆணி டங்ஸ்டன் கார்பைடாக இருக்க வேண்டும். வெறும் எஃகு ஆணி வெறும் தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். புதிதாக வாங்கியதும் சுமார் 40 கிலோமீட்டர் வறண்ட தார்ச்சாலையில், வெடுக்கென்று பிரேக் போடாமல், நிதானமாக ஓட்டினால்தான் ஆணி ரப்பரில் சரியாக உட்காரும். ஷ்வால்பே மாரத்தான் விண்டர் போன்ற டயர்களில் ஓரத்திலும் ஆணி வரிசை உண்டு. காற்றை நிறைய அடித்தால் ஓர ஆணிகள் தரையைத் தொடாமல் உருளும், கொஞ்சம் இறக்கினால் அவையும் இறங்கிக் கடிக்கும். ஒரே டயர் வாங்கத்தான் வசதி என்றால் அதை முன்னால் போடுங்கள். பின்சக்கரம் வழுக்கினால் பெரும்பாலும் சமாளித்துவிடலாம். முன்சக்கரம் போனால் ஆளே போய்விடுவார்.

காற்று விஷயத்தில் இன்னொன்று. 20 டிகிரி இருக்கும் அறையில் 60 பிஎஸ்ஐ அடித்துவிட்டு மைனஸ் 10 டிகிரிக்கு வெளியே போனால், டயரில் ஏறத்தாழ 52தான் இருக்கும். பஞ்சர் என்று பயப்பட வேண்டாம், குளிரில் காற்று சுருங்கியதுதான்.

சரி, உங்கள் அனுபவங்களை எழுதுங்கள். எந்தத் தரை, எந்த வண்டி என்று சேர்த்து எழுதினால் படிக்கிறவர்களுக்கு உபயோகமாக இருக்கும்.

* * *

அண்ணா, நான் ஃபேட் பைக் கட்சி. எனக்குக் கிடைப்பது தார்ச்சாலை இல்லை, காட்டுக்குள் இறுகிய பனிப்பாதை. அங்கே அகல டயரைப் போல இன்னொன்று கிடையாது.

இந்த வண்டி பிறந்த கதையே பனியில்தான். அலாஸ்காவில் 1987-இல் இடிட்டாபைக் என்று பனிப்பாதையில் 200 மைல் பந்தயம் தொடங்கினார்கள். சாதாரண டயர் பனியில் புதைந்ததால், அங்கிருந்தவர்கள் இரண்டு ரிம்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒட்டி அகலச் சக்கரம் செய்து பார்த்தார்கள். பிறகு 2005-இல் சர்லி நிறுவனம் பக்ஸ்லி என்ற வண்டியைக் கொண்டுவந்தது. டயர் 3.7 அங்குலம். கடையில் போய் யாரும் வாங்கலாம் என்ற நிலை அதோடுதான் வந்தது.

எல்லாம் காற்றில்தான் இருக்கிறது. 8 பிஎஸ்ஐக்கும் 5 பிஎஸ்ஐக்கும் உள்ள வித்தியாசம் பனியில் மலைக்கும் மடுவுக்கும் உள்ளது. போன குளிர்காலத்தில் ஒரு ஏற்றத்தில் பின்சக்கரம் சுற்றிக்கொண்டே நின்றது. அங்கேயே வால்வை அழுத்திக் கொஞ்சம் காற்றை விட்டேன். டயரின் பக்கச்சுவரில் சுருக்கம் விழும் அளவுக்கு இறங்கியதும் அதே ஏற்றத்தில் மெல்ல ஏறிப் போய்விட்டேன். சீட்டை விட்டு எழுந்து மிதித்தால் பின்பக்கப் பாரம் குறைந்து மறுபடி சுற்றும். உட்கார்ந்தே, லேசான கியரில், ஒரே சீராக மிதிக்க வேண்டும்.

அன்றைக்கே எதிரில் ஸ்கீ போட்டுக்கொண்டு ஒரு அம்மா வந்தார். நான் ஓரமாக நின்றேன். அவர் நின்று, என் டயர் தடத்தைக் குனிந்து பார்த்துவிட்டு, "இவ்வளவுதான் ஆழமா? அப்படியானால் தாராளமாக ஓட்டு" என்றார். அதற்கு முன் வாரம் பனி இளகியிருந்தபோது யாரோ சாதாரண டயரில் வந்து பாதை நெடுகப் பள்ளம் கிழித்திருந்தார்களாம். இரவில் உறைந்து அது தண்டவாளம் மாதிரி ஆகிவிட்டதாம். அன்றிலிருந்து எனக்கு ஒரு கணக்கு உண்டு: தடம் ஓர் அங்குலத்துக்கு மேல் புதைந்தால் திரும்பிவிடுவேன்.

ஒரு எச்சரிக்கை. டயர் அகலமாக இருப்பதால் ஐஸில் பிடிக்கும் என்று நினைக்காதீர்கள். ஆணி இல்லாத ஃபேட் டயரும் ஐஸில் வழுக்கத்தான் செய்யும். வழித்துவிட்ட தார்ச்சாலையில் ஓட்டினால் கால் கனத்துப் போகும்.

* * *

டயரைப் பற்றியே பேசுகிறீர்கள். வண்டியின் வயிற்றுக்குள் நடப்பதைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஆற்றங்கரைப் பாதையில் ஒரு பெரியவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். செயின் அறுந்ததா என்று கேட்டேன். செயின் நன்றாக இருக்கிறது, மிதித்தால் பெடல் மட்டும் காற்றில் சுற்றுகிறது என்றார். தொட்டுப் பார்த்தேன், அதேதான். பின்சக்கரத்தின் ஃப்ரீஹப்புக்குள் சின்னச் சின்ன நாக்குகள் இருக்கும். ஸ்ப்ரிங் அவற்றைத் தள்ளிப் பல்லில் மாட்டும், அப்போதுதான் மிதி சக்கரத்துக்குப் போகும். உள்ளே இருக்கும் கிரீஸ் குளிரில் கெட்டியானாலோ, புகுந்த தண்ணீர் உறைந்தாலோ நாக்கு எழும்பாது. உடைந்தது எதுவுமில்லை, சும்மா ஒட்டிக்கொண்டிருக்கிறது.

வீடு வெகுதூரம் என்றார். கடுங்குளிர் பந்தயக்காரர்கள் செய்யும் ஒரு வேலை தெரியும் என்பதால் பையில் எப்போதும் பிளாஸ்டிக் டை வைத்திருப்பேன். பின் கியரின் பெரிய பல்சக்கரத்தை ஸ்போக்குகளோடு சேர்த்து நான்கைந்து இடத்தில் இறுக்கிக் கட்டினேன். இப்போது சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். "ஐயா, மிதிப்பதை நிறுத்தவே கூடாது, மெதுவாகப் போங்கள், இறக்கத்தில் இறங்கித் தள்ளுங்கள்" என்று சொல்லித்தான் அனுப்பினேன். நிறுத்தினால் செயின் தளர்ந்து, கியர் மாற்றும் டிரெய்லியரில் சிக்கிவிடும். கூடவே பின்னால் போய்ப் பார்த்தேன், பிசகில்லாமல் போய்ச் சேர்ந்தார். ஹப்பைத் திறந்து, பழைய கிரீஸைத் துடைத்து, குளிருக்கான மெல்லிய எண்ணெய் போட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

இதனால்தான் குளிர்காலத்துக்கு நான் எளிமையான வண்டியையே சொல்வேன். வெளியே தொங்கும் டிரெய்லியரில் சேற்றுப்பனி அப்பி உறைந்தால் கியர் மாறாது. கேபிள் உறைக்குள் தண்ணீர் போனாலும் அதே கதைதான். சமதளத்தில் ஓட்டுகிறவருக்கு ஒற்றை கியர் போதும். ஏற்றம் உண்டென்றால் ஹப்புக்குள்ளேயே கியர் இருக்கும் வண்டி. உப்பு போட்ட சாலை என்றால், வசதி இருப்பவர்கள் செயினுக்குப் பதில் பெல்ட் உள்ள வண்டியைப் பார்க்கலாம். பெல்ட் துருப்பிடிக்காது, எண்ணெயும் கேட்காது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பெல்ட் மாட்ட ஃப்ரேமின் பின்பக்கம் ஓரிடத்தில் கழற்றும்படி இருக்க வேண்டும். இருக்கிற வண்டியில் பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்பது பெரும்பாலும் நடக்காது.

பிரேக்கில் என் வோட்டு டிஸ்க்குக்கே. ரிம் பிரேக்கில் ரிம்மின் மேல் ஐஸ் படிந்தால் முதல் சில சுற்றுக்குப் பிடிப்பே இருக்காது, மணலும் உப்பும் ரிம்மையே அரைத்துவிடும். ஹைட்ராலிக் டிஸ்க்கில் மினரல் ஆயில் உள்ளவை கடுங்குளிரில் மந்தமாகும். லீவர் மெதுவாகத் திரும்பும். டாட் (DOT) என்ற பிரேக் திரவம் உள்ளவை அந்தக் குளிரைத் தாங்கும். கேபிள் டிஸ்க்கும் மோசமில்லை.

வண்டியை எங்கே நிறுத்துகிறீர்கள் என்பதும் உண்டு. வீட்டுக்குள் சூடாக இருந்த வண்டியை நேராகப் பனிக்குள் எடுத்துப் போனால், அதன் மேல் விழும் பனி உருகி, வழியிலேயே கேபிளிலும் பிரேக்கிலும் உறையும். குளிர்ந்த கொட்டகையில் நின்ற வண்டியில் பனி ஒட்டாமல் உதிர்ந்துவிடும். குளிரில் துருவும் மெதுவாகத்தான் பிடிக்கும்.

* * *

பேட்டரி சைக்கிள்காரர்களுக்கு மட்டும் இதில் ஒரு திருத்தம். வண்டி கொட்டகையில் நிற்கட்டும், பேட்டரி வீட்டுக்குள் வரட்டும். பூஜ்ஜியத்துக்குக் கீழே இருக்கும் லித்தியம் பேட்டரியை அப்படியே சார்ஜில் போட்டால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படியும். அந்தச் சேதம் திரும்பாது. அறைச் சூட்டுக்கு வந்த பிறகுதான் சார்ஜ். தூரமும் குறையும், கோடையில் போய்வந்த இடத்துக்குப் போகும் முன் யோசியுங்கள்.

* * *

எனக்கு வண்டி நன்றாக அமைந்தது, விரல்தான் பிரச்சினை. எத்தனை தடித்த கையுறை போட்டாலும் அரை மணி நேரத்தில் விரல் நுனி மரத்துவிடும். தடித்த கையுறையில் பிரேக் லீவர் எங்கே இருக்கிறது என்றும் தெரியாது. ஒரு நாள் பூங்காவில் நின்று கைகளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன். எதிரில் வந்த அக்கா ஒருவர் தன் ஹேண்டில்பாரைக் காட்டி, "கையை உள்ளே விட்டுப் பாரம்மா" என்றார். ஹேண்டில்பாரோடு கட்டிவிடும் பெரிய பை மாதிரியான உறை. போகி என்கிறார்கள். லீவர், கியர் எல்லாமே அதற்குள். உள்ளே வெதுவெதுப்பு! அவர் போட்டிருந்ததோ மெல்லிய கம்பளிக் கையுறைதான். அந்த வாரமே வாங்கினேன். குளிர்காலத்துக்கு நான் வாங்கியவற்றில் ஸ்டட் டயருக்கு அடுத்து மதிப்பானது அதுதான்.

காற்றே இல்லாத நாளிலும் ஓட்டுகிறவருக்குக் காற்று உண்டு. மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 20 கிலோமீட்டர் போனால் முகத்துக்கு மைனஸ் 18 மாதிரி இருக்கும். அதற்காக உடம்பில் அள்ளிப் போட்டுக்கொள்ளாதீர்கள். கிளம்பும்போது லேசாகக் குளிர வேண்டும். பத்து நிமிடத்தில் சரியாகிவிடும். வீட்டு வாசலிலேயே கதகதப்பாக இருந்தால் வழியில் வியர்த்து, நின்றதும் அந்த வியர்வையே நடுக்கும்.

காலுக்குத் தட்டையான பெடல் போதும். பெடலோடு பூட்டிக்கொள்ளும் க்ளீட் மாட்டும் பூட்ஸில் அந்த உலோகத் தகடு வழியாகப் பாதச் சூடு இறங்குகிறது. தட்டைப் பெடலில் தடித்த பூட்ஸ் போடலாம், வழுக்கும்போது சட்டென்று காலை ஊன்றவும் வரும்.

* * *

எங்கள் பக்கம் பனியே அரிது. மழை, இருட்டு, ஈர இலை, இதுதான் குளிர்காலம். இங்கே ஸ்டட் டயர் வீண். முழு நீள மட்கார்ட், டைனமோ ஹப் விளக்கு, 35 முதல் 40 மில்லிமீட்டர் டயர் உள்ள டூரிங் வண்டி போதும்.

மாலை இருட்டில் ஒரு வளைவில் பின்னால் வந்த கார்க்காரர் அடுத்த சிக்னலில் கண்ணாடியை இறக்கி, "உங்கள் கால் ஏறி இறங்குவதைத்தான் முதலில் பார்த்தேன், அதற்குப் பிறகுதான் விளக்கு தெரிந்தது" என்றார். கணுக்காலில் பளபளக்கும் பட்டை கட்டியிருந்தேன். அசையும் வெளிச்சம்தான் சைக்கிள் என்று சொல்கிறது. முன்விளக்கு வாங்கும்போது ஜெர்மன் சாலை விதிப்படி செய்ததாகப் பாருங்கள். ஒளிக்கற்றையின் மேல்பக்கம் வெட்டியிருக்கும், எதிரில் வருகிறவர் கண் கூசாது.

* * *

தொடங்கிவைத்தவன் மறுபடி வருகிறேன். "எங்கள் ஊரில் ரொம்பக் குளிர், அதனால் முடியாது" என்று தனியாக எழுதியவருக்கு: பின்லாந்தின் ஔலு நகரம் ஆர்க்டிக் வட்டத்துக்குக் கொஞ்சம்தான் தெற்கே. அங்கே குளிர்காலம் முழுக்கக் குழந்தைகள்கூடப் பள்ளிக்கு சைக்கிளில் போகிறார்கள். குளிர்கால சைக்கிள் மாநாடு 2013-இல் முதலில் நடந்ததும் அங்கேதான். பாதையைச் சமமாக வழித்து, பனியை இறுக்கி வைக்கிறார்கள். உங்கள் பாதையை யாரும் வழிக்கவில்லை என்றால் அது உங்கள் தவறு இல்லை. ஆனால் குளிரின் மேல் பழியைப் போடாதீர்கள்.

இருக்கிற வண்டியே போதுமா என்று கேட்ட தம்பிக்கு: டயரைச் சுற்றி ஃபோர்க்கிலும், பின் ஃப்ரேமிலும், மட்கார்ட் இருந்தால் அதற்கு அடியிலும் உன் சுண்டுவிரல் தாராளமாக நுழைகிறதா பார். இடுக்காக இருந்தால் சேற்றுப்பனி அடைத்து உறைந்து சக்கரமே நின்றுவிடும். அப்படி இல்லையென்றால் புது சைக்கிள் வேண்டாம், ஸ்டட் டயர் மட்டும் வாங்கு. டயரின் பக்கவாட்டில் 42-622 என்கிற மாதிரி ஓர் எண் இருக்கும். அதையும் விரல் அளவையும் எழுது, எந்த அளவு பொருந்தும் என்று சொல்கிறேன்.