மாமா சவூதியில இருந்து கொண்டு வந்த டிவி கேம்: படம் கட்டம் கட்டமா வருது, கலர் இல்ல, கன் வேலை செய்யல. உதவி வேணும்

குறும்பனை அலை:
எல்லாருக்கும் வணக்கம். தொண்ணூறுகள்ல எங்க மாமா லீவுக்கு வந்தப்ப கொண்டு வந்த டிவி கேம் பரண்ல இருந்து கிடைச்சிருக்கு. சிவப்பும் வெள்ளையுமா, ஜப்பான் நிண்டெண்டோ கம்பெனியோட ஃபாமிகாம் கேம் செட்டு மாதிரியே இருக்கும். ஆனா நிண்டெண்டோ பேரு எங்கயும் இல்ல, காப்பி செட்டுதான். கூட ரெண்டு ரிமோட், ஒரு கன், மாரியோ, டேங்க், கான்ட்ரா தனித்தனிக் கேசட், அப்புறம் ஒரு 9999 இன் 1.

மாமா இந்தக் கிறிஸ்மஸோட சவூதியை முடிச்சிட்டு ஊருக்கே வாறாரு. அவரும் நானும் உக்காந்து டேங்க் ஆடுன செட்டு இது. அவரு வரும்போது ஓடணும். புதுசா ஒண்ணு ஆன்லைன்ல வாங்குன்னு மட்டும் தயவுசெய்து சொல்லாதீங்க.

இப்ப உள்ள நிலைமை:

செட்டோட வந்த அடாப்டர்ல இன்புட் 110 - 127 வோல்ட்னு போட்டிருக்கு, அதனால சொருகவே இல்ல. வீட்டுல பழைய கார்ட்லெஸ் போனோட 9 வோல்ட் அடாப்டர் கிடந்துது. அதைப் போட்டா சிவப்பு லைட் எரியுது, எல்இடி டிவியில படமும் வருது. ஆனா ரெண்டு மங்கலான பட்டை கீழ இருந்து மேல ஊர்ந்துக்கிட்டே இருக்கு. கலர் சுத்தமா இல்ல, கறுப்பு வெள்ளைதான்.

மாரியோ போட்டா பாட்டு சரியா கேக்குது, படம் மட்டும் எழுத்தும் கட்டமும் கலந்து கெடக்கு. கேசட்டை வலது பக்கம் லேசா அமுக்கிப் பிடிச்சா சரியாவுது, விட்டா போயிருது. கான்ட்ரா போட்டா வெறும் சாம்பல் திரை. 9999 இன் 1 சில நேரம் மட்டும் ஓடும்.

அதுல உள்ள வாத்து சுடுற கேம்ல கன்னால எப்படிச் சுட்டாலும் வாத்து விழ மாட்டேங்குது.

எங்கேருந்து தொடங்கணும்?

மார்த்தாண்டம் சால்டரிங்:
தம்பி, அந்த அடாப்டரைச் சொருகாம வச்சது நல்ல காரியம். சவூதியில அந்தக் காலத்துல வீட்டுக்கு 127 வோல்ட் லைன் உண்டு. நம்ம 230-ல போட்டா உள்ள உள்ள டிரான்ஸ்ஃபார்மர் சூடாயி எரிஞ்சிரும். கல்ஃப் சாமான் எதுவானாலும் முதல்ல அடியில ஒட்டியிருக்க லேபிளைப் படிக்கணும். நம்ம பக்கத்துல மிக்ஸி, டேப்ரிக்கார்டர்னு எத்தனையோ இப்படிப் போயிருக்கு.

இப்ப போட்டிருக்க அடாப்டர்ல அவுட்புட் எத்தனை மில்லி ஆம்ப்னு பாருங்க. கார்ட்லெஸ் போனுக்குள்ளதுன்னா 200, 300-க்கு மேல இருக்காது. அதுதான் அந்த ஊருற பட்டைக்குக் காரணம்னு நினைக்கேன். செட்டுக்குள்ள 7805-ன்னு மூணு கால் ரெகுலேட்டர் ஒண்ணு உண்டு, 9 வோல்ட்டை 5 ஆக்குறது அதுதான். அதுக்கு உள்ள வாற வோல்டேஜ் எப்பவும் 7-க்குக் கொறையாம இருக்கணும். சக்தி இல்லாத அடாப்டர் லோடு வந்த உடனே தொங்கிரும். அந்த ஏத்த இறக்கம் அப்படியே 5 வோல்ட்டுலயும் வந்து, திரையில பட்டையா ஓடும். அசல் ஃபாமிகாமுக்கே 10 வோல்ட், 850 மில்லி ஆம்ப்னுதான் போட்டிருக்கும். நல்லதா ஒரு 9 வோல்ட் 1 ஆம்ப் டிசி அடாப்டர் வாங்குங்க. ஆம்ப் கூடுதலா இருந்தா செட்டு கெடாது, தேவையானதை மட்டும்தான் அது எடுக்கும். வோல்ட்டைக் கூட்டாண்டாம்.

வாங்கும்போது பிளக்ல நடுவுல பிளஸ்ஸா மைனஸ்ஸான்னு பாக்கணும். அசல்ல நடு மைனஸ், இப்பக் கடையில கிடைக்கது பெரும்பாலும் நடு பிளஸ். காப்பி செட்டுல ரெண்டு விதமும் வரும், அதனால ஊகிக்காண்டாம். மல்டிமீட்டரை பீப் சத்தத்துல வைங்க. அடாப்டரைக் கழத்திட்டு, ஒரு கம்பியை 7805-ஓட நடுக் கால்ல வைங்க. அது கிரவுண்டு, மைனஸ். மத்தக் கம்பியை பவர் சாக்கெட்டோட நடு ஊசியில தொட்டா பீப் வருதா? அப்ப நடு மைனஸ். வரலைன்னா வெளி வளையத்துல தொட்டுப் பாருங்க.

புது அடாப்டர் போட்ட பொறவும் பட்டை ஊருனா, 7805 பக்கத்துல நிக்க பெரிய எலக்ட்ராலிட்டிக் கப்பாசிட்டரை (கரண்ட் ஏத்த இறக்கத்தைச் சமப்படுத்துற உருளை) மாத்தணும். முப்பது வருசத்துல அது காஞ்சிருக்கும். அதே மைக்ரோஃபாரட், வோல்ட் 16-ஓ 25-ஓ போடலாம், கோடு போட்ட பக்கம் மைனஸ்.

மணவாளக்குறிச்சி ராஜா:
கேசட்டுக்கு நாங்க சின்னதுல ஊதித்தான் போடுவோம், உடனே ஓடும். ஓடலைன்னா கேசட்டுக்கு அடியில வரிசையா தெரியுற கான்டாக்ட் கால்ல நைசா உப்புத்தாள் போட்டுத் தேச்சிட்டா போதும்.

கோட்டாறு கேசட் பெட்டி:
ராஜா தம்பி, உப்புத்தாள் மட்டும் வேண்டவே வேண்டாம். அந்தக் காலுக்கு மேல உள்ள பூச்சு ரொம்ப மெல்லிசு. ஒரு தடவை தேச்சுட்டா அடியில உள்ள செம்பு வெளிய வந்துரும், நம்ம கடக்காத்துக்கு அது பச்சை பிடிக்க நாளே ஆகாது. ஊதுறதும் அப்படித்தான். ஊதுனதும் ஓடுறது கேசட்டை எடுத்துத் திரும்பப் போட்டதால கான்டாக்ட் கொஞ்சம் மாறி உக்காருறதுதான். எச்சில் ஈரம் உள்ள நின்னு அரிச்சிக்கிட்டே இருக்கும்.

குறும்பனை தம்பி, நீங்க எழுதுன அறிகுறி ரொம்பத் தெளிவா இருக்கு. ஃபாமிகாம் கேசட்டுல 60 கால், ஒரு பக்கத்துக்கு 30. கேசட்டுக்குள்ள ரெண்டு தனித்தனி வேலை நடக்கும். ஒண்ணு புரோகிராம், மத்தது படம். கால்களும் அதே மாதிரி ஏறக்குறைய இடப்பாதி வலப்பாதின்னு பிரிஞ்சிருக்கும். உங்க மாரியோவுல பாட்டு சரியா வருதுன்னா புரோகிராம் பாதி நல்லா தொடுது. படப் பாதியில எங்கயோ ரெண்டு மூணு கால் தொடல, அதனாலதான் எழுத்தும் கட்டமும் இடம் மாறி வருது, ஒரு பக்கம் அமுக்குனா சரியாவுது. கான்ட்ராவுல வெறும் சாம்பல்னா அங்க புரோகிராம் பாதியே தொடல. செட்டோட சிப் செத்திருந்தா மாரியோ இந்த அளவுக்குக்கூட வராது. அதனால மனசைத் தளர விடாதீங்க, உங்க செட்டு உயிரோடதான் இருக்கு.

செய்ய வேண்டியது. மொபைல் சர்வீஸ் பண்ணுற கடையில ஐபிஏன்னு கேளுங்க, ஐசோபுரோப்பில் ஆல்கஹால், 99 சதவீதம் உள்ளது. காது குடையுற பஞ்சுக் குச்சியில தொட்டு காலை நெடுக்குவாட்டுல தேயுங்க, குறுக்க தேச்சா பஞ்சு நூல் கால் இடுக்குல மாட்டும். பஞ்சு கறுப்பா வரும், வெள்ளையா வாற வரைக்கும் புதுக் குச்சி எடுங்க. பச்சை பிடிச்ச இடம் மட்டும் போகலைன்னா பள்ளிக்கூடப் பிள்ளைங்க வச்சிருக்க வெள்ளை ரப்பரால மெதுவா தேச்சு, தூளைத் தட்டிட்டு, திரும்ப ஐபிஏ.

செட்டுல உள்ள சாக்கெட்டை மறந்துராதீங்க. சுத்தம் பண்ணின ஒரு கேசட்டுக் கால்ல ஐபிஏ தடவி, பவர் இல்லாம பல தடவை சொருகிச் சொருகி எடுங்க, ஒவ்வொரு தடவையும் காலைத் துடைச்சிட்டு. பெட்ரோல், மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய் எதுவும் பக்கத்துல வரக் கூடாது. எண்ணெயில உப்புத்தூசி ஒட்டிக்கிடும்.

கடைசியா ஒண்ணு. காப்பி கேசட்டைத் திறந்து பாத்தா பெரிய டப்பாவுக்குள்ள பாதி அளவு போர்டுதான் இருக்கும். அதைத் தாங்குறது ரெண்டு சின்ன பிளாஸ்டிக் முளை. அந்த முளை ஒடிஞ்சா, சொருகும்போது போர்டு பின்னால ஓடிரும், கால் முழுசா உள்ள இறங்காது. கான்ட்ராவைக் குலுக்கிப் பாருங்க, கடகடன்னு சத்தம் கேட்டா இதுதான். திறந்து, போர்டுக்குப் பின்னால கெட்டி ஃபோம் ஒரு துண்டு வெட்டி வச்சு மூடுங்க. உள்ள கறுப்பா தாரு உருட்டி வச்ச மாதிரி ஒரு பொட்டு இருக்கும், அதுக்குள்ளதான் சிப். அதைச் சுரண்டாதீங்க.

தக்கலை டியூப் டிவி:
கலருக்கு நான் சொல்லுதேன். உங்க எல்இடி டிவிக்குப் பின்னால மஞ்ச சாக்கெட் தனியா இருக்கா, இல்ல பச்சையும் மஞ்சளும் ஒரே சாக்கெட்டா?

குறும்பனை அலை:
ஒரே சாக்கெட்தான் அண்ணே. பச்சை, நீலம், சிவப்பு, பக்கத்துல வெள்ளை. பச்சையைச் சுத்தி மஞ்ச வளையம் வரைஞ்சிருக்கு. மஞ்ச வயரை அதுலதான் போட்டிருக்கேன்.

தக்கலை டியூப் டிவி:
வயர் போட்ட இடம் சரி. டிவி மெனுவுல இன்புட் எதுல நிக்குன்னு பாருங்க. கம்போனன்ட்ல நின்னா அந்தச் சாக்கெட்டுல வாறதை வெளிச்சம் மட்டும்னு எடுத்துக்கிடும், கலரை விட்டுரும், அதனாலதான் கறுப்பு வெள்ளை. ஏவின்னு மாத்துங்க. மாத்திட்டும் கலர் வரலைன்னா கலர் சிஸ்டத்தை ஆட்டோவுல இருந்து PAL, NTSC-ன்னு (ரெண்டும் டிவி கலர் முறை) மாத்தி மாத்திப் பாருங்க.

மினி ஜாக் மட்டும் உள்ள டிவிகாரங்களுக்கும் சேத்துச் சொல்லிருதேன்: அதுக்கு விக்கிற மூணு வால் வயர்ல பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சள்ல படம் வரலைன்னா சிவப்புலயும் வெள்ளையிலயும் சொருகிப் பாருங்க.

கன்னைத் தூரப் போட்டிராதீங்க, அதுல கோளாறு இல்லாமலும் இருக்கலாம். எல்இடி டிவியில அது சுடாது. விசையை அழுத்துன உடனே கேம் திரையை ஒரு நொடியில சின்னத் துண்டுக்குக் கறுப்பாக்கி, வாத்து இருக்க இடத்துல மட்டும் வெள்ளைக் கட்டம் காட்டும். கன்னுக்குள்ள ஒரு ஒளி சென்சார், அந்த வெள்ளையைப் பாத்தா அடின்னு கணக்கு. டியூப் டிவியில கறுப்பும் வெள்ளையும் கேம் சொன்ன அதே நேரத்துல திரையில வரும். புது டிவி படத்தை வாங்கி, பெருசாக்கி, பொறவுதான் காட்டும், அதுக்குள்ள கேம் பாத்து முடிச்சிரும். போதாததுக்கு, டியூப் டிவி கோடு கோடா எழுதுற வேகம் நொடிக்கு ஏறக்குறைய 15,700 கோடு. அந்தத் துடிப்பு உள்ள ஒளியை மட்டும் எடுக்குற மாதிரி அசல் கன்னோட சர்க்யூட்டே உண்டு. அதனால செட்டிங் எதை மாத்துனாலும் எல்இடி-யில பிரயோஜனம் இல்ல.

என் கருத்து, மாமாவுக்காகன்னா ஒரு டியூப் டிவி தேடுறதுதான் நல்லது. ஆக்கர் கடையில, அதான் பழைய சாமான் கடையில, கேட்டு வைங்க, வீடு மாத்துறவங்க குடுத்துட்டுப் போறது வரும். ஓட விட்டுப் பாத்து வாங்குங்க. 14 இஞ்ச்லயும் 21 இஞ்ச்லயும் இந்தக் கேம் எவ்வளவு அழகா இருக்கும்னு பாத்தாதான் தெரியும். மாரியோ 1985-ல வந்தது, மொத்தமே 40 கேபி. அந்தப் படம் வரைஞ்சவங்க டியூப்ல கோடு லேசா கலங்கித் தெரியும்னு தெரிஞ்சே வரைஞ்சாங்க. எல்இடி-யில கட்டம் கட்டமா வெட்டித் தெரியுறது அவங்க வரைஞ்ச படமே இல்ல.

டியூப் டிவி பின்மூடியை மட்டும் யாரும் தானா திறக்காதீங்க. பிளக்கைப் பிடுங்குன பொறவும் உள்ள ஆயிரக்கணக்குல வோல்ட் நிக்கும்.

மார்த்தாண்டம் சால்டரிங்:
தக்கலைக்காரர் கடைசியா சொன்னதை நான் ரெண்டு தடவை சொல்லுவேன். திறக்காண்டாம்.

குறும்பனை அலை:
எல்லாருக்கும் நன்றி, எப்படிச் சொல்லன்னு தெரியல.

9 வோல்ட் 1 ஆம்ப் அடாப்டர் நாகர்கோவில்ல வாங்கினேன். சால்டரிங் அண்ணன் சொன்ன மாதிரி பீப் வச்சுப் பாத்தா இந்தச் செட்டு நடு மைனஸ். கடைக்காரர் பிளக்கை வெட்டி, மாத்திப் பிடிச்சுத் தந்தாரு. பட்டை போயே போச்சு, கப்பாசிட்டர் மாத்த வேண்டி வரல. இன்புட் கம்போனன்ட்லதான் நின்னுது. ஏவிக்கு மாத்துன உடனே வானம் நீலமா வந்துட்டு.

கேசட்டுல பஞ்சு எடுக்க எடுக்க பச்சையும் கறுப்புமா வந்துது. மாரியோவும் டேங்கும் இப்ப அமுக்காமலே ஓடுது. கான்ட்ராவைக் குலுக்குனா அக்கா சொன்ன அதே கடகட சத்தம். ஒரு முளை ஒடிஞ்சு உள்ளயே கெடந்துது. செருப்பு அடியில இருந்த ஃபோமை வெட்டி வச்சேன், ஓடுது. டியூப் டிவிக்கு ரெண்டு ஆக்கர் கடையில சொல்லி வச்சிருக்கேன்.

இன்னும் ஒண்ணு மட்டும். முதல் ரிமோட்டுல சுடுற பட்டன் நல்லா அழுத்துனாதான் எடுக்குது. டேங்க்ல 35 ஸ்டேஜ், இதை வச்சு மாமா ரெண்டு ஸ்டேஜுக்கு மேல ஆட மாட்டாரு. அப்புறம் இதையெல்லாம் எப்படி எடுத்து வைக்கது? வீட்டுல இருந்து கடல் தெரியும்.

கோட்டாறு கேசட் பெட்டி:
கான்ட்ரா ஓடுனதைக் கேக்க அவ்வளவு சந்தோசம் தம்பி.

ரிமோட்டுக்குப் பின்னால உள்ள ஸ்க்ரூவைக் கழத்துங்க. பட்டனுக்கு அடியில ரப்பர் மெத்தை, அதோட அடியில கறுப்பா ஒரு பொட்டு. அது கார்பன், போர்டுல உள்ள சீப்புப் பல்லு மாதிரிக் கோட்டை இணைக்கிறது அதுதான். முதல்ல போர்டை ஐபிஏ வச்சுத் துடைங்க. ரப்பர்ல ஐபிஏ போடாம, ஈரத்துணியால லேசா ஒத்தி எடுத்தா போதும். தேச்சா கார்பன் போயிரும். அப்பவும் எடுக்கலைன்னா அதிகம் தேவைப்படாத செலக்ட் பட்டன் மெத்தை அளவு பொருந்துதான்னு பாத்து மாத்திப் போடுங்க, டேங்குக்கு அது ஸ்டேஜ் தொடங்குற வரைக்கும்தான் வேணும்.

எடுத்து வைக்கிறதுக்கு, ரப்பர் வளையம் உள்ள மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா. உள்ள சிலிக்கா ஜெல், நிறம் மாறுற வகை கிடைச்சா நல்லது, நிறம் மாறுனா சூடு பண்ணிக் காய வச்சு, முன்ன இருந்த நிறம் வந்ததும் திரும்பப் போடலாம். கேசட்டோட கால் பக்கம் மூடி இல்லைன்னா ஜிப் கவர்ல போட்டு வைங்க. நியூஸ்பேப்பர்ல சுத்தாதீங்க, அது ஈரத்தைப் பிடிச்சு வைக்கும். முக்கியமா, வருசக்கணக்கா பெட்டியிலயே கெடக்க விடாம அடிக்கடி எடுத்து ஆடுங்க, சொருகி எடுத்தாலே கால் பாதி சுத்தமாயிரும்.

குறும்பனை அலை:
செலக்ட் மெத்தை அளவு சரியா பொருந்திட்டு அக்கா. குண்டு இப்ப தொட்டாலே போவுது. டிவி கிடைச்சதும் கன் என்னாச்சுன்னு இங்கயே எழுதுதேன்.