நாவற்குடா வீட்டை விற்கப் போகிறோம்: மாபிள் போடுவதா, கிணற்றைத் திருத்துவதா?

வாவிக்கரைச் செல்வி எழுதியது:

எங்கள் அம்மா அப்பாவின் வீடு மட்டக்களப்பு நாவற்குடாவில் இருக்கிறது. 18 பேர்ச் (ஏறத்தாழ 4,900 சதுர அடி) வளவு, பிரதான வீதியிலிருந்து வாவிப் பக்கம் இரண்டாவது ஒழுங்கை. 78 சூறாவளியில் பழைய வீட்டின் கூரை போனபிறகு அப்பா 1981இல் கட்டியது. ஓட்டுக்கூரை, நீளமான விறாந்தை, அதில் உட்காரக் குந்து, சிவப்புச் சீமெந்துத் தரை, மூன்று அறை. குசினி வீட்டோடு சேராமல் தனியாக இருக்கிறது. அதற்குப் பின்னால் கிணறு, வளவின் கடைசி மூலையில் கக்கூசு.

எனக்குச் சீதனமாகத் தந்தது கல்லடியில் உள்ள வீடு. அப்பா போனபிறகு அம்மா என்னோடுதான் இருக்கிறா. பூட்டிக் கிடக்கிற வீடு பாழாகிவிடும் என்று விற்க முடிவெடுத்தோம். தம்பி சொல்கிறான், 12 இலட்சம் செலவழித்துத் தரைக்கு மாபிள், உள்ளே சீலிங், பான்ட்ரி (வீட்டுக்குள்ளேயே புதுமுறைக் குசினி) எல்லாம் போட்டு, பின் குசினியை இடித்துக் கார் நிறுத்தக் கொட்டில் அடித்தால் போட்ட காசு இரட்டிப்பாகத் திரும்பும் என்று. எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மனம் வராதது அம்மாவின் குசினி என்பதாலா, உண்மையிலேயே பிழையான முடிவு என்பதாலா என்று தெரியவில்லை.

அண்மையில் வீடு பார்த்தவர்கள், வாங்கியவர்கள் சொல்லுங்கள். எதைப் பார்த்து மனம் பிடித்தது? எதைப் பார்த்துத் திரும்பி வந்தீர்கள்?

கோட்டைமுனை இளையவன் எழுதியது:

அக்கா, உங்கள் தம்பி சொல்வதில் நியாயம் இருக்கிறது. நானும் மனைவியும் போன வருடம் எட்டு மாதமாக 14 வீடு பார்த்தோம். கேற்றைத் திறந்து பத்து நிமிடத்துக்குள் இருவருக்கும் பாதி முடிவு வந்துவிடும். மிச்சப் பாதியைத் தீர்மானித்தது பாத்ரூம்.

அரசடியில் ஒரு வீடு. முதிரைக் கதவு, நல்ல கிணறு, நிழலான வளவு, எனக்கு நல்ல விருப்பம். மனைவி பின்னுக்குப் போய்க் கக்கூசைப் பார்த்துவிட்டு வந்து எதுவும் பேசவில்லை. வீட்டுக்கு வந்துதான் கேட்டா: மார்கழி மழையில் இரவு 2 மணிக்கு மூன்று வயதுப் பிள்ளை வயிற்றுவலி என்று எழும்பினால் குடையைப் பிடித்துக்கொண்டு அந்த மூலைக்கு யார் கூட்டிக்கொண்டு போவது என்று. அதற்குப் பிறகு அந்த வீட்டைப் பற்றி நாங்கள் கதைக்கவில்லை.

இன்னொன்று. எங்களைப் போன்றவர்கள் வங்கிக் கடனில்தான் வாங்குகிறோம். உள்ள சேமிப்பு முற்பணத்துக்கும் காணி உறுதி எழுதும் செலவுக்கும் போய்விடும். பிறகு திருத்தலாம் என்று வாங்கினால் அந்தப் பிறகு பத்து வருடம் ஆகும். அதனால் திருத்தி முடித்த வீட்டுக்குக் கூடக் கொடுக்கத் தயாராக இருக்கிறோம்.

கிணற்றடி எழுதியது:

தம்பி, பாத்ரூம் கதை சரி. ஆனால் 14 வீடு பார்த்ததில் எத்தனை வீட்டில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்தீர்கள்?

நான் ஓய்வுபெற்றதும் கடற்கரைப் பக்கம் ஒரு வீடு வாங்கினேன். கண்ணாடி மாதிரித் தரை, வெள்ளைச் சீலிங், குசினியில் கறுப்புக் கல். தை மாதம் போய்ப் பார்த்தோம், மாரி மழை முடிந்த நேரம். எந்தக் கிணற்றிலும் தண்ணீர் இனிக்கிற காலம் அது. சித்திரையில் குடியேறினோம். ஆடி வந்து கச்சான் காற்று அடிக்கத் தொடங்கியதும் தேநீர் கரிக்கத் தொடங்கியது. ஆவணியில் சவர்க்காரம் நுரைக்கவில்லை. குழாய் வாய்களைச் சுற்றி வெள்ளையாக உப்புப் படிந்தது. பாத்ரூம் ஷவரின் துளைகளை ஊசியால் குத்திக் குத்தி என் மனைவியின் பெருவிரல் புண்ணாகிவிட்டது. அந்தக் கறுப்புக் கல்லை ஒரு நாளைக்கு மூன்று தரம் துடைத்தும் வெள்ளைத் திட்டுப் போகவில்லை.

எங்கள் மண் மணல். நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மிதந்துகொண்டிருக்கிறது, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி. வாளியால் அள்ளினால் மேல் தண்ணீர் வரும். பெரிய மோட்டர் பூட்டி வேகமாக இறைத்தால் அடியில் கிடக்கிற உப்பு ஏறி வரும். ஆழமாகத் தோண்டினால் நல்ல தண்ணீர் கிடைக்கும் என்று நினைப்பவர்கள் இங்கே ஏமாந்துபோவார்கள். நாவற்குடாவில் 40 வருடம் குடித்த கிணறு என்றால் மகள், அதுதான் உங்கள் வீட்டின் முதல் பெறுமதி.

கோட்டைமுனை இளையவன் எழுதியது:

ஐயா, உங்கள் கஷ்டம் விளங்குகிறது. ஆனால் இப்போது நகரத்தில் குழாய்த் தண்ணீர் இருக்கிறது. உன்னிச்சைக் குளத்துத் தண்ணீரைச் சுத்திகரித்துத்தான் தருகிறார்கள். குடிக்கவும் சமைக்கவும் அது போதும். என் வயதுக்காரர் வீடு பார்க்கும்போது இணைப்பு இருக்கிறதா என்றுதான் கேட்கிறார்கள். கிணறு இருந்தால் பிள்ளை விழுந்துவிடுமோ என்று மூடி போடச் சொல்கிறவர்களும் உண்டு.

கிணற்றடி எழுதியது:

மூடி போடுங்கள், நல்லது. மூடவேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் தென்னைக்கும் மாவுக்கும் வாழைக்கும் குழாய்த் தண்ணீர் ஊற்றி மாதக் கட்டணம் கட்டுவீர்களா? வீதியில் குழாய் உடைந்து இரண்டு நாள் நின்றால் வாளியோடு எங்கே போவீர்கள்? 2022இல் 13 மணித்தியாலம் மின்சாரம் இல்லாத நாட்களில் என் மேல்தாங்கியும் மோட்டரும் வெறும் பாரமாக நின்றன. பக்கத்து வீட்டில் கப்பியும் கயிறும் இருந்ததால் குளித்தோம்.

மேசன் ராசா எழுதியது:

26 வருடமாக இந்தப் பக்கம் வேலை செய்கிறேன். விற்கிறவர்களும் வாங்குகிறவர்களும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார்கள். நான் பார்ப்பதைச் சொல்கிறேன் அக்கா.

முதலில் தரைமட்டம். வீதிக்குக் கொங்கிறீற்று மேல் கொங்கிறீற்றாகப் போட்டு உயர்த்திவிட்டார்கள், பழைய முற்றங்கள் பள்ளமாகிவிட்டன. 2011 தை மாத வெள்ளமும் 2024 கார்த்திகை வெள்ளமும் உங்கள் வீட்டில் எந்தப் படி வரை ஏறின? கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டிவிடும்வரை வாவித் தண்ணீர் இறங்காது, வாவிப் பக்கத்து வீட்டில் அந்த நாட்களில் உள்ளே இருக்கலாமா இல்லையா என்பதுதான் கேள்வி. படியில் வெள்ளக் கறை இருந்தால் அதற்கு மேல் பெயின்ட் அடிக்காதீர்கள். கேட்கிறவனுக்குக் காட்டுங்கள். தண்ணீர் இவ்வளவுதான் வந்தது, உள்ளே வரவில்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

அடுத்தது சுவர். தரையிலிருந்து இரண்டு அடி உயரத்துக்குப் பூச்சு பொருமி, தொட்டால் மாவாக உதிர்ந்தால் மணலில் உப்பு இருக்கிறது, அல்லது அத்திவாரத்திலிருந்து ஈரம் ஏறுகிறது. அதற்கு மேல் மாபிள் ஒட்டி மறைத்த வீடுகள் எத்தனையோ பார்த்திருக்கிறேன். ஒரு மாரி போனால் மாபிளைத் தட்டும்போது உள்ளே வெறுமையாகச் சத்தம் கொடுக்கும்.

மாபிளைப் பற்றி இன்னொன்று. சிவப்புத் தரைக்கு மேல் ஒட்டினால் தரை ஒரு அங்குலத்துக்கு மேல் உயரும். கதவெல்லாம் அடியில் சீவ வேண்டி வரும். 81இல் போட்ட கதவு என்றால் பாலையோ முதிரையோ, அதைச் சீவ எனக்கே கை வராது. ஓட்டுக்குக் கீழே சீலிங்கும் அவசரமில்லை. சீற்றுக் கூரைக்குத்தான் அது கட்டாயம். உங்கள் கூரையில் கைமரமும் சிலாகையும் வெளியே தெரிந்தால், வாங்குகிறவன் அண்ணாந்து பார்த்து எங்கே ஒழுகுகிறது என்று தானே கண்டுகொள்வான். மறைத்தால்தான் சந்தேகப்படுவான்.

இரண்டு பெண்பிள்ளைகளின் அம்மா எழுதியது:

எல்லாரும் வீட்டை வாங்குகிறவர் புருஷனும் மனைவியும் என்று நினைத்துக்கொண்டே எழுதுகிறீர்கள். மட்டக்களப்பில் வீடு தேடி அலைகிறவர்களில் பாதிப்பேர் என்னைப் போன்ற பெண்பிள்ளைகளைப் பெற்றவர்கள். கலியாணம் முடிந்து மகளும் மருமகனும் இருக்கப்போகிற வீடு. மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுச் சின்னவளுக்கு வேறொன்று பார்க்க வேண்டும். நாங்கள் கடைசியில் எந்த மகளோடு இருப்போம் என்றும் யோசிக்க வேண்டும்.

அதனால் நான் முதலில் பார்ப்பது வளவில் இன்னொரு சின்ன வீடு கட்ட இடம் இருக்கிறதா, பின்னால் தனி வழி இருக்கிறதா என்றுதான். 18 பேர்ச், அதில் தனிக் குசினி என்று வாசித்ததும் எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? அந்தக் குசினிக்கு ஓர் அறை சேர்த்தால் எனக்கும் அவருக்கும் போதும். முன் வீட்டில் மகள் தன் பாட்டுக்கு இருப்பாள். மருமகனுக்கும் கூச்சம் இருக்காது.

அதை இடித்துக் கார்க் கொட்டில் போட வேண்டாம் தங்கச்சி. 2022இல் காஸ் இல்லாமல் வரிசையில் நின்றோம். பான்ட்ரி வைத்தவர்கள் வெளியில் மூன்று கல் வைத்துச் சமைத்தார்கள். எங்கள் வீட்டில் பழைய குசினியில் புகைபோக்கியோடு அடுப்பு இருந்தது, ஒரு நாளும் உலை நிற்கவில்லை. மீன் பொரிக்கவும் நெல் அவிக்கவும் இன்றைக்கும் அங்கேதான்.

ஆனால் இளையவன் தம்பி சொன்ன பாத்ரூமில் நானும் அவர் பக்கம். எந்த மகளையும் வெளிக் கக்கூசு உள்ள வீட்டில் நான் குடிவைக்க மாட்டேன்.

கனடா ஸ்காபரோவிலிருந்து எழுதியது:

நான் ஊரில் அம்மாவுக்காக வீடு தேடுகிறேன், வயது 81. எனக்குத் தேவை மூன்றே விடயம்: கீழ்த்தளத்தில் அறை, அதோடு சேர்ந்த கொமட் வைத்த பாத்ரூம், படியில்லாத வாசல். தம்பிமார் படம் அனுப்பினால் முன்பக்கத்து மேல்மாடித் தூண்களைத்தான் அனுப்புகிறார்கள். அம்மா அந்த மாடிக்கு ஏறப்போவதில்லை.

நொத்தாரிஸ் அலுவலகத்து எழுதுவினைஞர் எழுதியது:

சுருக்கமாக. உறுதி, நில அளவைப் படம், சோலைவரி ரசீது, கட்டட அனுமதி நான்கும் ஒரு கோப்பில் இருந்தால் பாதி வேலை முடிந்தது. பெர்மிட் காணி (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணி) என்றால் பிரதேச செயலாளரின் சம்மதம் இல்லாமல் கை மாற்ற முடியாது. வாவிக்கு மேற்கே படுவான்கரையில் முற்பணம் கொடுத்துவிட்டுத் தவிப்பவர்கள் இதில்தான் மாட்டுகிறார்கள்.

வாவிக்கரைச் செல்வி எழுதியது:

உறுதிக் காணிதான், அப்பா எல்லாவற்றையும் ஒரு தகரப் பெட்டியில் வைத்திருந்தார்.

மேசன் தம்பி கேட்டதற்காக நேற்றுப் போய்ப் பார்த்தேன். விறாந்தைக்கு நான்கு படி. 2011 கறை இரண்டாவது படியின் விளிம்பில் மங்கலாக இருக்கிறது. 2024இல் முதல் படியைத் தாண்டவில்லை என்று பக்கத்து வீட்டு மாமி சொன்னா. கிணற்றில் ஒரு வாளி அள்ளிக் குடித்துப் பார்த்தேன். இது ஆவணி, மழை இல்லை. கொஞ்சம் கல்லுத் தண்ணீர் மாதிரி, ஆனால் கரிக்கவில்லை. கக்கூசுக் குழிக்கும் கிணற்றுக்கும் இடையில் காலால் அளந்தேன், 58 அடி வருகிறது.

பாத்ரூம் உள்ளே கட்டலாம் என்று முடிவு. குசினிக்கு எதிர்ப்பக்க அறையோடு ஒட்டிச் சேர்ப்பது என்று தம்பியும் ஒத்துக்கொண்டான். ஆனால் குழியை எங்கே வெட்டுவது?

மேசன் ராசா எழுதியது:

பழைய குழியைக் கைவிடாதீர்கள். புதிய பாத்ரூமிலிருந்து குழாய் போட்டு அதே மூலைக்குக் கொண்டுபோகலாம், சரிவு மட்டும் சரியாக இருக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் புதுக் குழி வெட்டினால் கிணற்றுக்குக் கிட்டப் போய்விடும். மணல் மண்ணில் 50 அடிக்குக் குறைய நாங்கள் வெட்டுவதில்லை. உங்களுக்கு 18 பேர்ச் இருப்பதால் அது முடிகிறது. இப்போது 10 பேர்ச்சாகத் துண்டு போட்டு விற்கிறார்கள். 10 பேர்ச் என்றால் 2,722 சதுர அடி, 40 அடிக்கு 68 அடி. உங்கள் குழியைத் தள்ளி வைத்தாலும் பக்கத்து வீட்டுக்காரன் மதிலோரம் வெட்டுவான். கிணறு இருந்தும் குடிக்க முடியாது.

கோட்டைமுனை இளையவன் எழுதியது:

58 அடி என்று வாசித்ததும் நானும் எங்கள் வளவைப் போய் அளந்தேன். எங்கள் குழிக்கு 34 அடி, பக்கத்து வீட்டுக் குழிக்கு 20கூட வராது. வாங்கும்போது இதை யாரும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. கிணற்றுத் தண்ணீரைக் குடிப்பதை இன்றோடு நிறுத்திவிட்டோம்.

ஆனால் அக்கா, விளம்பரத்துக்கு முதல் படமாகப் புதுப் பாத்ரூமைத்தான் போட வேண்டும் என்று இன்னும் சொல்வேன். கிணற்றைப் பார்த்து யாரும் அழைக்க மாட்டார்கள், வந்தபிறகுதான் பார்ப்பார்கள்.

கிணற்றடி எழுதியது:

படம் எதை வேண்டுமானாலும் போடட்டும். வருகிறவர்களுக்கு முதலில் ஒரு செம்பு தண்ணீர் கொடுங்கள் மகள், அந்தக் கிணற்றில் அள்ளி. மாரி தொடங்குவதற்கு முன்பே விளம்பரத்தைப் போடுங்கள், இந்த ஆவணி புரட்டாதியில் குடித்துப் பார்த்தவன் பிறகு உப்புக் கதை சொல்லி விலை குறைக்க மாட்டான்.

வாவிக்கரைச் செல்வி எழுதியது:

சரி ஐயா. கிணறு கலக்கி இறைக்க நாளை மறுநாள் ஆள் வருகிறது. கப்பிக்குப் புதுக் கயிறும் வாங்கிவிட்டேன். இரண்டு பெண்பிள்ளைகளின் அம்மா, நீங்கள் ஒருமுறை வந்து குசினியைப் பாருங்கள் அக்கா. திறப்பு மாமி வீட்டில் இருக்கிறது.